ஏழாம் கட்டத்தில் ஒரு முகவரி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் முதுகுவலியும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் அவருடைய குறட்டையும் நலமென நம்புகிறேன்.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருபத்தேழு ஆண்டு குப்பை கொட்டிய நான், சென்ற மாதம் ஒரு வரலாற்று முடிவை எடுத்தேன். சேர்க்கைப் படிவத்தின் ஏழாம் கட்டத்தைப் பென்சிலால் அல்ல, பேனாவால் நிரப்பினேன்.

ஏழாம் கட்டம் என்பது முகவரி. எதிரே நின்றது ஐந்தாம் வகுப்புக்கு வந்த சிறுமி. பக்கத்தில் அவள் அம்மா, சலவைக் கடையில் இஸ்திரி போடுபவர். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதிலிருந்து இருவருக்கும் ஒரு நாள் சித்தி வீட்டுக் கூடம், ஒரு நாள் கடையின் பின்னறை, ஒரு நாள் ரயில் நிலையக் காத்திருப்பு அறை. வீடில்லாத பிள்ளையை அன்றே சேர்த்துக்கொள்ள வேண்டும், தங்குமிடத்துக்குப் பேருந்தும் அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. எழுதியவர் படிவத்தைப் பார்த்ததில்லை. அதில் முகவரிக்கு ஒரே கட்டம். “எங்கம்மா தங்கியிருக்க?” என்றேன். “இன்னிக்கா சார், நாளைக்கா?” என்றாள். “நிச்சயமா எங்க இருப்பியோ அதச் சொல்லு.” கொஞ்சம் யோசித்தாள். “இங்கதான் சார்.” நியாயமான பதில். பள்ளியின் முகவரியையே எழுதிவிட்டேன்.

போக்குவரத்துப் பிரிவினர் கடமை தவறாதவர்கள். மறுவாரமே காலை ஆறே முக்காலுக்குப் பள்ளி வாசலில் ஒரு பேருந்து வந்து அவளை ஏற்றிக்கொண்டு, பதினொரு நிறுத்தம் சுற்றி, எட்டரைக்கு அதே பள்ளி வாசலில் இறக்கிவிட்டது. தினமும் அப்படித்தான். அம்மா வேலைக்குப் போகும் வழியில் விட்டுவிட்டுப் போகிறார். ஏறி உட்கார்ந்ததுமே இவள் தூங்கிவிடுகிறாள். ஜன்னலில் மரங்களும் மூடிய கடைகளும் மெல்ல நழுவுகின்றன. பள்ளம் வந்தால் ஓட்டுநர் வண்டியைத் தொட்டில் மாதிரி இறக்குகிறார். ஹாரன் அடிப்பதில்லை. மற்ற பிள்ளைகள் கிசுகிசுவென்று ஏறுகிறார்கள். “சார், இன்னிக்குக் கடல் வந்துச்சு,” என்றபடி இறங்குகிறாள். அந்தத் தடத்தில் கடல் கிடையாது, அக்கா. கணக்கு வகுப்பில் தூங்கி வழிந்தவள் இப்போது கணக்கு டீச்சரைத் தூங்கவிடுவதில்லை.

இன்று தலைமையாசிரியை கண்டுபிடித்துவிட்டார். “ஸ்கூல்லேர்ந்து ஸ்கூலுக்கு பஸ்ஸா? என்ன சார் இது, செக்குமாடு மாதிரி?” “விதிப்படி தங்குற எடத்துலேர்ந்து மேடம்…” “உங்க வியாக்கியானமெல்லாம் வேணாம். நாளைக்குப் பன்னெண்டு மணியோட போக்குவரத்துப் பிரிவுல இந்த வருஷத் திருத்தம் வாங்குறத நிறுத்திடுவாங்க. டிரைவர் கையெழுத்தோட குடுத்துடுங்க.” திருத்தினால் ஏழாம் கட்டம் காலி; காலியானால் பேருந்து வராது; அவள் மறுபடி கணக்கு வகுப்பில்தான் தூங்க வேண்டும். ‘உனக்கு மனசே இல்லையாடா’ என்று நீ கேட்பாய். தவறு தவறுதான், அக்கா. என் கையெழுத்தில் ஒரு பிழை நிற்பதை நான் சகிக்க மாட்டேன். நாளை திருத்தியே தீருவேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
விதி வழுவாத உன் தம்பி

பி.கு. (மறுநாள்): இன்று காலையில் திருத்தப் படிவத்துடன் பேருந்தில் ஏறினேன். “உக்காருங்க சார், அடுத்த ஸ்டாப்புல கையெழுத்து போட்டுத் தரேன்,” என்றார் ஓட்டுநர். உட்கார்ந்தேன். விழித்தபோது வண்டி பணிமனையில் நின்றது. மணி ஒன்று. “ஏம்பா எழுப்பல?” என்றேன். “அந்தப் பாப்பாதான் சார், பாவம், எழுப்பாதீங்கன்னுச்சு.” திருத்தப் படிவங்களை இனி அடுத்த கல்வியாண்டில்தான் வாங்குவார்கள்.