பெஞ்சுக்காக ஒரு வங்கிப் போர்

ஏரல் கடைத்தெருவில் எங்கள் வங்கியைப் பிரசிடெண்ட் அளவுக்கு வெறுத்தவரும் கிடையாது, அவரளவுக்குத் தவறாமல் வங்கிக்கு வந்தவரும் கிடையாது. வியாபாரிகள் சங்கத் தலைவர். சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்கே மறந்திருக்கும். நான் அந்தக் கிளையில் காசாளர், அதாவது எதிரிப் படை.

போர் ஒரு பெஞ்சில் தொடங்கியது. முதியோர் பென்சன் வாங்க வரும் ஆச்சிமார் உட்காரும் மரப் பெஞ்சை, கிளையை அழகுபடுத்துகிறேன் என்று மேனேஜர் தூக்கிவிட்டார். மறுநாள் முதல் தினமும் பதினோரு மணிக்குப் பிரசிடெண்ட் வாசலில் நின்று, மக்கள் விரோத வங்கி ஒழிக என்று பத்து நிமிடம் முழங்குவார். முடிந்ததும் அவருடைய டீக்கடையிலிருந்து எங்களுக்கு டீ வரும். மேனேஜருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அவர் டம்ளரில் மட்டும் சீனி இருக்காது.

மாதக்கணக்கில் மேனேஜர் டீயைக் குடித்தாரே ஒழிய பெஞ்சைப் போடவில்லை. பிரசிடெண்ட் கடைசி ஆயுதத்தை எடுத்தார். கடைத்தெரு மொத்தமும் ஒரே நாளில் வங்கியிலிருந்து பணத்தை எடுத்துவிட வேண்டும் என்று அறிவித்தார். எடுத்தார்கள். எண்ணி எண்ணி என் விரல் வீங்கிவிட்டது.

எடுத்த பணத்தை எங்கே வைப்பது என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை. வங்கியை நம்பாதே என்று சொன்னவரையே ஊர் நம்பியது. மதியத்துக்குள் டீக்கடையில் பால்சட்டி வைக்க இடமில்லாமல் மஞ்சள் பைகள் குவிந்தன.

இரண்டரை மணிக்கு, இரண்டு கையிலும் பைகளோடு, வேர்த்து விறுவிறுத்து, ஆச்சிமாருக்குப் பின்னால் வரிசையில் கடைசி ஆளாகப் பிரசிடெண்ட் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, போர் முடிஞ்சிட்டா?" என்று கேட்டேன்.

"சண்டைய நாளைக்குப் போட்டுக்கிடலாம் தம்பி. ஊர்ப் பணம் பத்திரமா இருக்கணும்லா."

அவருக்கு முட்டிவலி. நிற்க முடியாமல் கால் மாற்றி மாற்றி நின்றார். அதைப் பார்த்த மேனேஜர் தன் நாற்காலியையே தள்ளிக்கொண்டு வந்தார். பிரசிடெண்ட் உட்காரவில்லை. முன்னால் நின்ற ஆச்சியைக் காட்டி, "மொதல்ல அவிய இருக்கட்டும் வே. பெறவு நான் இருக்கேன்" என்றார். அத்தனை மாதத்தில் அவர் முழங்காமல் பேசியது அன்றுதான்.

மறுநாள் பெஞ்ச் வந்தது. பதினோரு மணிக்கு அவரும் வந்தார். பெஞ்சுக்கு மேலே மின்விசிறி இல்லையாம்.

இப்போது எனக்குப் பாளையங்கோட்டைக் கிளை. மெத்தை வைத்த சோபா, ஏசி, ஒரு சத்தம் கிடையாது. பதினோரு மணியானால் மட்டும் என் கண் வாசலுக்குப் போய்விடுகிறது. திட்ட வந்த மனிதரை இவ்வளவு தேடுவேன் என்று நான் நினைக்கவே இல்லை.