ஒரே திசையில் தேய்க்கவும்

சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து, அதன் நடுவில் கைக்கடிகாரத்தைக் கிடத்தியிருந்தார் அவர். கண்ணாடியின் மேல் டேப் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்.

"அது என் நார்தானே?" என்றாள் மனைவி.

"புதுசு. இப்பதான் பிரிச்சேன்."

"வாட்சுக்கு என்ன வந்துச்சு?"

சொல்ல வேண்டியதாயிற்று. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் எஃகு வளையத்தில் நகக்கீற்று அளவுக்கு ஒரு கீறல். தொழிற்சாலை கேட்டில் உரசியது. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் அவர் குழாய்த் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். முடி அகலத்துக்குக் கீறல் இருந்தாலும் குழாயைத் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே அவருக்குப் பெயர் 'பூதக்கண்ணாடி'. அவர் இல்லாதபோது மட்டும்.

போதாக்குறைக்கு, கடிகாரம் மாமனார் கொடுத்தது. மாமனார் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. காலையில்தான் போன் செய்திருந்தார்: "மத்தியானம் சாப்பிட வர்றோம் மாப்பிள்ளை. நான் குடுத்த வாட்ச் நல்லா இருக்கில்ல? எடுத்து வைங்க, பாக்கணும்."

அந்தப் 'பாக்கணும்' காதில் விழுந்ததிலிருந்து அவருக்குக் காபிகூட இறங்கவில்லை.

"கடையில குடுத்துடுங்களேன்."

"ஞாயித்துக்கிழமை எவன் திறந்து வச்சிருக்கான்? வீடியோவுல ஒருத்தன் அஞ்சே நிமிஷத்துல பண்றான். வளையத்துல பொடிப்பொடியா கோடு ஓடுது பாரு, அந்த மங்கல்தான் இதுக்கு அழகு. அதே திசையில தேய்ச்சா கீறல் கோட்டோட கோடா கலந்துடும்."

"அவன் தினமும் பண்றவனா இருக்கும்."

"நான் தினமும் பாக்கறவன்."

தேய்த்தார். கீறல் அசையவில்லை. அதைச் சுற்றி ஒரு வெளுத்த திட்டு மட்டும் விழுந்தது. திட்டை மறைக்க வளையம் முழுவதையும் தேய்த்தார். வளையம் வட்டம். அவர் கை போனதோ நேர்கோட்டில்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "ஒரு பக்கம் நெடுக்க ஓடுது, ஒரு பக்கம் குறுக்க ஓடுது."

"வெளிச்சம் அப்படி விழுது."

"ஜன்னலைச் சாத்தட்டுமா?"

அவர் பரணில் ஏறி, கதவுக்கு வாங்கிய உப்புத்தாளைத் தேடி எடுத்து வந்தார். அதில் நான்கு இழுப்பு இழுத்ததும் கீறல் ஓடியே போய்விட்டது. அந்தப் பூரிப்பில் டேப் விலகியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கண்ணாடியில் பூனை பிறாண்டியது போலிருந்தது.

கண்ணாடிக்குப் பற்பசை நல்லது என்றது இன்னொரு வீடியோ. பூசித் தேய்த்தார். கண்ணாடி தெளியவில்லை. பசை வழிந்த இடத்தில் வளையம் மட்டும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. மீதி வளையம் பாதி சிரைத்த தாடி மாதிரி சொரசொரவென்று நின்றது.

குழாயடியில் கழுவினார். அவரே பரிசோதித்துத் தேர்ச்சி கொடுத்த குழாய். தண்ணீர் அமோகமாக வந்தது. அதில் கொஞ்சம் கடிகாரத்துக்குள்ளும் போனது.

உள்ளே பனி மூட்டம் போட்டது. மனைவியின் தலைமுடி உலர்த்தியை எடுத்துச் சூடாகக் காற்றடித்தார். மூட்டம் கலைந்தது.

"ஆறு எங்கங்க?" என்றாள் மனைவி.

"பசை விட்டுருச்சு. எட்டுக்குப் பக்கத்துல போய் உக்காந்திருக்கு."

"முள்ளு ஓடுதா?"

"அது மேலதான் ஆறு உக்காந்திருக்கு."

தொழிற்சாலையில் இப்படி ஒரு பொருள் வந்திருந்தால் அதை அனுப்பியவனை என்ன கேட்டிருப்பார் என்று அவருக்கே தெரியும். 'உனக்கெல்லாம் கண் எதுக்கு' என்று கேட்டிருப்பார். போன வாரம்கூட ஒருவனைக் கேட்டார்.

"கீறலோட காட்டியிருந்தா அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்," என்றாள் மனைவி.

"இப்ப?"

"இப்ப உக்காந்து சொல்வார்."

அழைப்பு மணி அடித்தது. அவர் அவசரமாக முழுக்கைச் சட்டையை மாட்டி, கடிகாரத்தைக் கட்டி, கைமடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

மாமனார் உட்காரக்கூட இல்லை. "எங்க மாப்பிள்ளை, வாட்ச்?"

மறைத்துப் பயனில்லை. கையை நீட்டினார். மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"உப்புத்தாளா?"

"ஆமா மாமா."

"அப்புறம் பற்பசை."

"ஆமா."

தணிக்கைக்காரர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். மாமனார் சொத்தே போனவர் போல நாற்காலியில் சாய்ந்தார்.

"மன்னிச்சிடுங்க மாமா. இவ்வளவு ஆசையா குடுத்தீங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாக உள்ளே வந்த மாமியார் சொன்னார்: "நீங்க ஏன் மாப்பிள்ளை மன்னிப்புக் கேக்கறீங்க? நாளைக்குப் பழைய ஆபீஸ்காரங்க கூட்டத்துக்குக் கட்டிட்டுப் போக உங்களோடதை இரவல் கேக்கத்தான் வந்தார். இதே மாதிரி தனக்குன்னு வாங்கினதை நேத்தே இவர் தேய்ச்சு முடிச்சாச்சு."