417-இன் அதிகாரபூர்வ மரணம்

டெக்சஸின் வடகோடியில், நாற்பதாயிரம் மாடுகளைக் கொழுக்க வைக்கும் பட்டி ஒன்றில், மாட்டின் நுரையீரல் காய்ச்சலுக்கு எந்த ஆன்டிபயாடிக் சிறந்தது என்று கண்டறிய ஒப்பாய்வு நடந்தது. காய்ச்சல் கண்ட ஐம்பது காளைகளுக்குக் காதில் சிவப்பு அடையாள வில்லை, ஒரு மருந்து. இன்னும் ஐம்பதுக்கு நீல வில்லை, வேறு மருந்து. பத்து நாள்வரை மருந்தை மாற்றலாகாது. விதிகளை மாடுகளுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை என்பது ஒன்றே குறை.

நோயுற்ற மாடுகளைக் குதிரைமேல் சுற்றிவந்து கண்டுபிடிப்பவர் வெர்லின் ஸ்ட்ரவுட். பிழைக்கக்கூடிய மாட்டை அவர் கைவிட்டதே இல்லை. நாலாம் நாள் காலை அலுவலகத்தில் வந்து நின்றார்.

“மேடம், நீல வில்லை 417 மூச்சு வாங்குது. காது ரெண்டும் தொங்கிப்போச்சு. சிவப்பு ஊசியப் போட்டுரட்டுமா?”

ஒப்பாய்வு அலுவலர் கார்லீன் பிராட்டெக் படிவத்தைப் புரட்டினார். “417 சிகிச்சையில இருக்கே. சிகிச்சையில இருக்கறப்போ அதுக்கு எப்படி நோய் இருக்கும்?”

“பத்து நாள் தாங்காதுங்க.”

“தாங்கலன்னா அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு. கவலைப்படாதீங்க.”

“ஆய்வுலேருந்து எடுத்துட முடியாதா?”

“செத்தா எடுக்கலாம்.”

வெர்லின் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். “அப்ப செத்துருச்சுன்னு எழுதிக்குங்க.”

“எப்போ?”

“இப்பத்தான். நாம பேசிட்டிருக்கும்போதே.”

“அடப்பாவமே! காரணம்?”

“காத்திருந்தது.”

“அதுக்குக் கட்டம் இல்ல. நுரையீரல்னு போட்டுடறேன்.”

வெர்லின் நேரே போய்ச் சிவப்பு ஊசியைப் போட்டார். ஆறாம் நாள் கார்லீன் பட்டியைப் பார்வையிட வந்தார்.

“இது 417 இல்ல?”

“காலமான 417-ங்க.”

“நல்லாத் தின்னுதே!”

“செத்தப்புறம்தான் பசி எடுத்துருக்கு மேடம்.”

“என்ன பண்றது, பேனாவால எழுதியாச்சு. அடிச்சுத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல.”

சிவப்பில் ஐம்பதும் தேறின, நீலத்தில் நாற்பத்தொன்பது. ஆகவே சிவப்பு சிறந்த மருந்து என்று முடிவாயிற்று.

ஆறு மாதம் கழித்து, குணமான தொண்ணூற்றொன்பது காளைகளும் இறைச்சிக்கூடத்துக்கு லாரி ஏறின. பட்டியலில் உயிரோடு இல்லாத மாட்டை வெட்ட இயலாது என்று, அவற்றோடு சேர்ந்து ஏறிய 417-ஐ மட்டும் திருப்பியனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரமே வெற்றி விருந்து. தட்டுக்கொரு பெரிய இறைச்சித் துண்டு. வெர்லின் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கார்லீன் எழுந்து அறிக்கையை வாசித்தார்: “இந்த ஆய்வில் சிகிச்சை பலிக்காமல் போனது ஒரே ஒரு மாட்டுக்குத்தான்.”

எல்லாரும் மெல்வதை நிறுத்திக் கைதட்டினார்கள்.

பலிக்காமல் போனது வெளியே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.