ரீஸ்டார்ட் நைனாவின் கீபோர்டு

திருத்தணியிலேயே கம்ப்யூட்டருக்கு ‘ங்க’ போட்டுப் பேசிய ஒரே ஆள் ரீஸ்டார்ட் நைனாதான். தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு மாடியில் டைப்பிங் சென்டர் வைத்திருந்தார். நான் அங்கே மனு அடிக்கும் வேலையில் இருந்தேன்.

முதலில் இருந்த பழைய மெஷினில் மவுஸ் ஒயர் கழன்றால் தீர்ந்தது. மறுபடி சொருகினாலும், திரையில் அம்புக்குறி தானாகப் பாய்ந்து யாரும் கேட்காத மெனுவையெல்லாம் திறக்கும். வந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். நைனா மட்டும், “கோச்சிக்காதீங்க, எழுந்து வாங்க” என்று ரீஸ்டார்ட் பட்டனை அமுக்குவார். அடித்த மனு முழுக்கப் போய்விடும். பட்டப்பெயர் வந்த கதை அது.

பிறகு யூஎஸ்பி மெஷின் வந்தது. கீபோர்டைப் பிடுங்கினால் இறங்கும் ஒரு சத்தம், சொருகினால் ஏறும் ஒரு சத்தம். ரீஸ்டார்ட்டே தேவையில்லை. நைனா அன்று முழுக்கப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். “சொல்லிகினு போறாங்க, சொல்லிகினு வராங்க பாரு.”

ஒரு மழை நாள் மத்தியானம். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு வாரிசுச் சான்றிதழ் மனு அடித்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் மூடுவதற்குள் கொடுத்தாக வேண்டும். இறந்துபோன கணவன் பெயரைப் பாதி அடித்ததும், இறங்கும் சத்தம். கீபோர்டு செத்துவிட்டது. ஒயரை யாரும் தொடவில்லை. சற்றுப் பொறுத்து அதன் மூன்று விளக்குகளும் ஒன்றாக மின்னின. ஏறும் சத்தம். விட்ட இடத்திலிருந்து பெயரை அடித்தேன். மறுபடியும் அதே.

“எங்கூட்டுக்காரரா?” என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே.

நைனாவின் விரல் வழக்கம்போல ரீஸ்டார்ட் பட்டன்வரை போய், தொடாமல் நின்றது. மனுவை நான் இன்னும் சேவ் செய்திருக்கவில்லை.

“அவசரமில்லங்க, மெதுவா வாங்க” என்றார் திரையிடம்.

விளக்குகள் மின்னின. மனுவில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அடித்து முடிக்கும்வரை அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

அவள் இறங்கிப் போனதும் நைனா கீபோர்டைத் தூக்கிக் காட்டினார். எலி கடித்த ஒயர்.

“அந்தம்மாகிட்ட சொல்லிடலாமா நைனா?”

“ஆங். கேட்டா சொல்லு.”

அவள் கேட்கவில்லை. சான்றிதழ் வந்துவிட்டதா என்று விசாரிக்க வாராவாரம் வந்தவள், மாடியேறி அந்த மெஷின் எதிரே ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவாள். புது கீபோர்டு வாங்கியும் நைனா பெட்டியைப் பிரிக்கவில்லை.

சான்றிதழை வாங்கிக் காட்டிவிட்டு அவள் போன பிறகுதான் பழையதைப் பிடுங்கினார். சத்தம் இறங்கி அடங்கியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.