சனி பிடித்த பதினான்கு எருமைகள்

ஒரே நாளில் எங்கள் ஊர் எருமைகள் பதினான்குக்குச் சனி பிடித்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் மடிநோய்தான் பிடிக்கும். கண்டுபிடித்தவர் சித்தாந்தி என்று பெயர் போட்டுக்கொண்ட ஓர் எண்கணித ஜோசியச் சாமி. கோதாவரிப் பக்கமிருந்து ஜீப்பில் வந்து, பால் சொசைட்டிக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார். விஜயநகரம் மாவட்டத்து எருமைக்காரர்கள் பாதிப்பேர் அந்தப் பந்தலில்தான் இருந்தார்கள்.

எருமையின் காதில் அரசாங்கம் மாட்டிய மஞ்சள் வில்லை இருக்கும். அதில் பன்னிரண்டு இலக்கம். கடைசி மூன்றை எடுத்து, பக்கத்திலேயே மறுபடியும் எழுதச் சொல்வார். 385 என்றால் 385385. அதை ஏழால் வகுத்து மிச்சம் வராவிட்டால் சனி. பதினொன்றால் வராவிட்டால் கண்ணேறு. பதின்மூன்றால் வராவிட்டால் வீட்டில் சாவு. வகுப்பது நீங்களே, உங்கள் செல்போனிலேயே. சாமி கையே வைக்கமாட்டார். அவ்வளவு நேர்மை!

பரிகாரம்? எருமையை அன்றே விற்றுவிட வேண்டும். சனி பிடித்ததை எவன் வாங்குவான்? சாமியின் மைத்துனர் பைடிராஜு வாங்குவார், பாதி விலைக்கு. ஊருக்காகச் சனியைச் சுமக்கிற தியாகி! வேனோடு தயாராக நின்றார்.

நூக்கரத்னத்துக்கு இருந்தது ஒரே எருமை. அதன் பாலில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. மூன்று கணக்கிலும் மிச்சம் பூஜ்யம். கயிற்றைப் பைடிராஜுவிடம் கொடுத்துவிட்டு அவள் அழுத அழுகை எனக்கே பொறுக்கவில்லை. ஆனாலும் நானும் கயிற்றை அவிழ்க்கப் போனேன். என் எருமைக்கும் பூஜ்யம்தான் வந்திருந்தது.

அப்போது சொசைட்டியில் பால் சோதிக்கிற ரமணம்மா வெளியே வந்தாள். தண்ணீர் கலக்கவில்லை என்று எவன் சத்தியம் செய்தாலும் சோதித்த பிறகுதான் நம்புவாள். அதனால் ஊரில் பலருக்கு அவளைப் பிடிக்காது.

“சாமி, சனி பிடிக்காத எருமைன்னு ஒண்ணாவது இருக்கா?”

“ஏம்மா இல்லாம? லட்சக்கணக்குல இருக்கு!”

“லட்சம் வேணாம். மிச்சம் வர்ற மாதிரி ஒரே ஒரு மூணு இலக்கம் சொல்லுங்க. நூக்கரத்னம் அக்கா அந்த நம்பர் எருமையா பாத்து வாங்கிக்கட்டும்.”

சாமி சிரித்தார். “நூத்தியெட்டு! தெய்வ எண்ணாச்சே!”

ஐம்பது செல்போன்களில் விரல்கள் தட்டின. பூஜ்யம்.

“சரி, ஐநூத்தி முப்பத்தொண்ணு.”

பூஜ்யம்.

“இருநூத்தி நாலு...”

பூஜ்யம். சாமியின் குங்குமம் வியர்வையில் மூக்குக்கு இறங்கியது.

“யோவ், உன் ஜீப்பு நம்பர்ல கடைசி மூணைப் போடுய்யா!” என்றது கூட்டம். அதற்கும் சனி.

“மூணு இலக்கத்தை ரெண்டு தடவை எழுதினா ஆயிரத்தொண்ணால பெருக்கின மாதிரி,” என்றாள் ரமணம்மா. “ஏழு, பதினொண்ணு, பதிமூணு, மூணையும் பெருக்கிப் பாருங்க. அதே ஆயிரத்தொண்ணு. அப்புறம் எந்த நம்பர்ல மிச்சம் வரும்?”

நூக்கரத்னம் வேனில் ஏறினாள். “விடுய்யா கயித்தை!”

“வித்தது வித்ததுதாம்மா,” என்று முனகினார் பைடிராஜு.

வாங்கின பணத்தைத் திருப்பி நீட்டியபடி ஊரே வேனைச் சுற்றி நின்றது. பதினான்கு எருமைகளும் வீடு திரும்பிய பிறகுதான் மாமனும் மச்சானும் ஊர் எல்லையைத் தாண்ட முடிந்தது.

நாளைக்கு வேறொருவன் வேறு கணக்கோடு வருவான். தோஷம் இல்லை என்று வருகிற ஒரு விடையையாவது காட்டு என்று கேளுங்கள். கேட்கத் தோன்றவில்லை என்றால், பரிகாரம் வேண்டியது எருமைக்கு அல்ல.