கண்கட்டியோடு ஒரு ஜெபம்

உடம்பைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவனுக்கு, தன் உடம்பில் ஒன்று வந்தால் படித்தது எதுவும் நினைவுக்கு வராது. கள்ளக்குறிச்சியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நானே சாட்சி. இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பி அடைத்து, அழுக்குக் கையால் கிருமியும் சேர்ந்தால் கண்கட்டி வரும் என்று கரும்பலகையில் படம் போட்டவன் நான். அந்தக் கட்டியை வைத்தே மகள் எஸ்தரின் கல்யாணத்தைக் கெடுத்துவிட இருந்தவனும் நான்தான்.

மாப்பிள்ளை கல்வராயன் மலையில் பள்ளி ஆசிரியர். “விசாரிக்கிறேன்னு மலையேறிப் போய் நிக்காதீங்கப்பா, மானம் போயிடும்” என்று எஸ்தர் கெஞ்சியிருந்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாளே ஸ்கூட்டரில் மலையேறினேன். வழியெல்லாம் புழுதி. பள்ளிக்கு எதிரே டீக்கடையில் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு (துப்பறிகிறேனாம்) பஜ்ஜி தின்ற கையாலேயே கண்ணைக் கசக்கித் தீர்த்தேன்.

சில நாட்களில் இடது இமையில் துவரம்பருப்பு அளவுக்குச் சிவப்பாக ஒன்று முளைத்தது. “எங்கயோ நாய் வெளிக்குப் போறத பாத்துட்டு வந்துகிறீங்க” என்றாள் மனைவி. (நான் பார்த்துவிட்டு வந்தது மாப்பிள்ளையை. சொல்ல முடியுமா?) கண் மருத்துவர், “சுடுதண்ணியில துணிய நனைச்சி ஒத்தடம் குடுங்க சார். தானா அடங்கிடும். பிதுக்காதீங்க, கண்டதையும் தடவாதீங்க” என்றார். ஆனால் எலவனாசூர்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறன்று வருகிறார்கள். கட்டிக்கு அந்த அவசரம் தெரியவில்லை.

ஞாயிறு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெருமாள் வேலிக்கு அப்பாலிருந்து யோசனை சொன்னார். “நாமக்கட்டிய ஒரசித் தடவுங்க சார். பொழுது சாய அமுங்கிடும்.”

“நாங்க வேதக்காரங்க, பெருமாளு.”

“நெத்தியிலயா வைக்கச் சொன்னேன்? கண்ணத் தொறந்தா வெள்ள எல்லாம் இம மடிப்புல பூந்துக்கும். உங்க சாமிக்கே தெரியாது.”

கட்டியின் முனையை மட்டும் விட்டு, இமை முழுக்கத் தடவினேன். வலது இமையும் லேசாக அரித்ததால், முன்னெச்சரிக்கையாக அதிலும் தாராளமாகத் தடவிவிட்டுப் படுத்தேன். கார் சத்தம் கேட்டு எழுந்து கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை ஒன்றும் தெரியவில்லை. (கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடி பார்க்கும் வித்தை எனக்கு இன்றுவரை கைகூடவில்லை.)

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, ஜெபத்தில் இருமினால்கூட முறைக்கிற மனிதர், “சார் ஜெபிக்கட்டும்” என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன், கண்ணை மூடினேன், ஆதாமிலிருந்து ஆரம்பித்தேன். நோவாவின் பேழை மிதக்கும் நேரம், மாப்பிள்ளையின் அம்மா அலறினார். கண்ணைத் திறந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பல்லியாக இருக்கும் என்று மறுபடி மூடினேன். மறுபடி அலறல்.

“ஜெபத்துல எதுக்குடி கண்ணத் தொறந்த?” என்று அதட்டினார் மாப்பிள்ளையின் அப்பா.

“அவரே முழிச்சிக்கினுதான ஜெபிக்கிறாரு. வெள்ளக் கண்ணு, நடுவுல செவப்பா பாப்பா. என்னியே பாக்குதுங்க.”

காபித் தட்டோடு வந்த எஸ்தர், “அப்பா, ஒருக்கா மூடுங்க” என்றாள். மூடினேன். தட்டு குலுங்கும் சத்தம் கேட்டது, பிறகு அவள் சிரிப்பு. மாப்பிள்ளையின் அப்பா மகன் பக்கம் திரும்பினார். “நீயும் பாத்தியாடா?”

“நா அந்தப் பக்கம் பாக்கலப்பா” என்றார் மாப்பிள்ளை. நோவா காலத்திலிருந்து அவர் பார்வை சமையலறை வாசலிலேயே இருந்திருக்கிறது. எஸ்தரின் காது சிவந்தது. தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டபோது, அவர் ஆறுதலாகத் தொடர்ந்தார். “புழுதிதான் மாமா காரணம். அன்னிக்கி எங்க ஸ்கூல் எதுர்ல டீக்கடையில கண்ணக் கசக்கிக்கினே இருந்தீங்க. பேப்பர வேற தலகீழா புடிச்சிருந்தீங்க.”

எஸ்தர் என்னைப் பார்த்த பார்வையைவிடக் கட்டி வலி தேவலை. அன்று இரவே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘மாமா’ என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டதால் மன்னித்தாள். கட்டி மன்னிக்கவில்லை. மருத்துவர் அதைக் கீறித்தான் எடுத்தார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் இன்றும் வீட்டில் நான் ஜெபிக்கத் தொடங்கினால் சம்பந்தியம்மா கையை நீட்டித் தடுப்பார். “இருங்கண்ணே. மொதல்ல நீங்க மூடிக் காட்டுங்க, அப்பறம் நாங்க மூடறோம்.” மூடிக் காட்டுவேன். சுற்றி நின்று இமையைச் சோதித்து, சிரித்து முடிப்பார்கள். அதற்குள் எனக்கு ஆதாமும் நோவாவும் மறந்துபோய், நேராக ஆமென் வந்துவிடும். அதற்காகத்தான் சோதிக்கிறார்களோ என்று இப்போதெல்லாம் சந்தேகமாக இருக்கிறது.