மஞ்சள் பொட்டலத்தில் வந்த மோகினி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். பேனாவை எடுப்பேன், தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மூடிவைத்துவிடுவேன். (அப்படிச் சுழி மட்டும் போட்ட தாள்கள் எங்கள் வீட்டில் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. சுழி போட்ட தாளைத் தூக்கிப்போட மனசு வராது.) என் நைனா இருந்தவரை எனக்குக் கை வரவில்லை. அவர் ஒரு விஷயத்தை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அது அப்படியில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை, என் மனைவிக்கும் இல்லை. இப்போது அவளே உத்தரவு கொடுத்துவிட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். என் கலியாணம் ஒரு பேயால் நின்றுபோக இருந்தது.

எழுபதுகளில் நடந்தது. பாகூர் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக்கடை. பொட்டலம் மடிக்கப் பழைய வாரப் பத்திரிகைகள் புதுச்சேரியிலிருந்து சாக்குச் சாக்காக வரும். அந்தத் தாள் விஷயத்தில் நைனாவுக்கு ஒரு கட்டுப்பாடு. சாமிப் படம் போட்ட தாளில் புளியோ மிளகாயோ மடிக்கக் கூடாது. அதைத் தனியாக எடுத்து வைத்து, மஞ்சள், குங்குமம், கற்பூரம், விபூதி இவற்றுக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். தலைவர்கள், நடிகைகள் எல்லாரும் புளிக்குப் போகலாம். முருகர் போகக் கூடாது.

தாளைப் பார்த்துப் பிரிக்கிற வேலை எனக்கு. மத்தியானம் கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு உட்காருவேன். சாமியைத் தேடப்போன இடத்தில்தான் நீலாவைக் கண்டுபிடித்தேன்.

நீலா ஒரு தொடர்கதையில் வந்த மோகினி. செத்து எழுபது வருஷம் ஆனவள். ஆனாலும் பட்டணத்தில் ஓர் ஆபீசில் டைப் அடிக்கிறாள், சாயங்காலம் டவுன் பஸ்ஸில் போகிறாள், கண்டக்டர் கண்ணுக்குத் தெரியாததால் டிக்கெட் கிடையாது. அவள் கால் தரையில் படவில்லை என்பதைப் பார்த்துவிட்ட ஒரே ஆள் பாஸ்கர் என்கிற குமாஸ்தா. பார்த்தவன் ஓட வேண்டாமா? காதலிக்கிறான்! ஆயுத பூஜைக்கு அடுத்தபடி நான் பக்தியோடு காத்திருந்தது இந்தக் கதைக்குத்தான். சாமி கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டுதான் படிப்பேன்.

கஷ்டம் என்னவென்றால், சாக்கில் வருகிற பத்திரிகை வரிசையாக வராது. ஒன்பதாவது வாரம் முதலில் கிடைத்தது, மூன்றாவது வாரம் பொங்கலுக்கு வந்தது. நீலா எப்படிச் செத்தாள் என்பதே அவளுக்குக் காதல் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு தடவை பதினான்காவது வாரத்தைத் தெரியாமல் கடுகுக்கு மடித்துக் கொடுத்துவிட்டு, வாங்கிப்போன அம்மா பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, கடுகை டப்பாவுல கொட்டிட்டு அந்தத் தாளைக் குடுங்கக்கா."

"இன்னாடா தணிகாசலம், குடுத்த தாளைத் திருப்பிக் கேக்கற? உங்க நைனா அவ்ளோ கஞ்சமா ஆயிட்டாரா?"

அன்று சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்க அது பரவிவிட்டது. நைனாவிடம் நான் வாயைத் திறக்கவில்லை. பேய்க்கதைக்காக என்று சொல்வதைவிடக் கஞ்சம் என்று பெயர் எடுப்பது மேல்.

இதற்கிடையில் எனக்குப் பெண் தேடினார்கள். ஐந்து இடம் தட்டிப்போனது. ஆறாவது இடம் அபிஷேகப்பாக்கம். பெண் பெயர் வேதவல்லி, பத்தாம் வகுப்பு. அப்பா இல்லாத பெண், தாய்மாமன்தான் எல்லாம். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் ஊரில் சொல்தா (சிப்பாய்) மாமா என்பார்கள். பெண் பார்க்கப் போனபோது வேதவல்லி நிமிர்ந்து ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அதற்கு அப்புறம் இரண்டு நாள் நான் கடையில் பருப்புக் கேட்டவர்களுக்கு உப்புப் போட்டேன். இந்த இடமும் தட்டிப்போனால் இனி பெண் தேட மாட்டேன் என்று நைனா முடிவாகச் சொல்லியிருந்தார்.

நிச்சயதாம்பூலத்துக்கு முதல் நாள் ஒரு சாக்கு வந்தது. கவிழ்த்தேன். மேலேயே கிடந்தது நீலா கதையின் நிறைவுப் பகுதி! மூன்று தாள். படிக்கலாம் என்று பார்த்தால் கடை நிறைய ஆள். புளிக்கட்டில் வைத்தால் யாராவது எடுத்து மடித்துவிடுவார்கள். நைனா தவிர யாரும் தொடாத கட்டு ஒன்று உண்டல்லவா? சாமித்தாள் கட்டு. நடுவில் செருகி வைத்தேன். (என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்று அப்போது நினைத்தேன்.)

மறுநாள் காலை நான் குளித்துக் கோயிலுக்குப் போய் வருவதற்குள், நைனா மகிழ்ச்சியில் வரிசைத் தட்டுச் சாமான்களைத் தம் கையாலேயே மடித்துக் கட்டிவிட்டார். மஞ்சள், குங்குமம், கற்பூரம், வில்லியனூர் கோயில் விபூதி. அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். சாமித்தாள் கட்டிலிருந்து எடுத்தால் அது சாமித்தாள்தான் என்பது அவர் நம்பிக்கை.

மாட்டு வண்டியில் மஞ்சள் தட்டை என் மடியில் வைத்தார்கள். பாகூர் ஏரிக்கரை தாண்டினதும் குனிந்து பார்த்தேன். பொட்டலத்தின் மேல் ஒரு வெள்ளைப் புடவையும், தரைக்கு ஒரு சாண் மேலே இரண்டு பாதமும்.

நீலா! உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையாகப் போகிறவன் அப்போது என்ன நினைக்க வேண்டும்? ஐயோ, தட்டை மாற்ற வேண்டுமே என்றுதானே? நான் நினைத்தது, 'உள்பக்கம் என்ன எழுதியிருக்கும்?' வெளியே தெரிந்த வரி இது: "பாஸ்கர், எனக்கு நேரம் வந்துவிட்டது. ஆனால் போவதற்கு முன்..." அதற்கு மேல் மடிப்புக்குள் போய்விட்டது. போவதற்கு முன் என்ன? வழி நெடுக நகத்தால் மடிப்பை நெம்பிக்கொண்டே போனேன். ஊர் எல்லைப் பிள்ளையாருக்கு நைனா இறங்கி, தட்டிலிருந்த கற்பூரப் பொட்டலத்தைப் பிரித்துக் கொளுத்தினார். நான் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறு கையால் நெம்பினேன்.

பெண் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. பெண்ணுடைய அத்தை, கணீரென்ற குரல் உள்ளவர், மஞ்சள் தட்டைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார். நான் நெம்பி வைத்திருந்த நூல் பட்டென்று அறுந்தது. மஞ்சள் கொம்புகள் நாலு பக்கமும் உருண்டன. தாள் விரிந்து சபை நடுவில் மல்லாந்து விழுந்தது.

தலைவிரிகோலமாக நீலா.

"இன்னாது இது?" என்றார் அத்தை. "தலைய விரிச்சிப் போட்டுக்கினு நிக்குது. ஐயய்யோ, கால் தரையில படல பாரு!"

சொல்தா மாமா எழுந்தே விட்டார். "மோகினிய மடிச்சிக் கொண்டாந்தா என் தங்கச்சி பொண்ணைக் கேக்கறீங்க? இதைவிடக் கெட்ட சகுனம் இன்னா வேணும்?"

நைனா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என் கடையில இப்படி நடக்காதுங்க... நான் சாமித்தாள்லதாங்க மடிச்சேன்..." அவர் அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை.

"நைனா, நான்தான் உள்ள வெச்சேன்," என்றேன். "மாமா, அது கதைங்க. பேய்தான். ஆனா பேய்னாலும் நல்ல பொண்ணு மாமா."

இதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. உள்ளே சமையல் அறையில் யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது.

"கண்ணாலம் கட்டிக்கப் போறவன் பேசற பேச்சாடா இது?" சொல்தா மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

ஆனால் அத்தை உட்கார்ந்துவிட்டார். "நல்ல பொண்ணா? அப்படி இன்னா பண்ணுச்சி?"

சொன்னேன். டவுன் பஸ், டைப் அடிக்கிறது, எழுபது வருஷம், பாஸ்கர், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்லச் சமையல்கட்டிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் கதவருகில் வந்து நின்றார்கள். ஒரு பெரியவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "டிக்கெட் வாங்கலியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"கடைசில சேந்துச்சுங்களா, இல்லியா?" என்றார் அத்தை.

"தெரியாதுங்க. முடிவு இதுலதான் இருக்குது. நான் இன்னும் படிக்கல."

அத்தை சொல்தா மாமா பக்கம் திரும்பினார். "உக்காருண்ணா. சகுனம்னு வந்துட்டா முழுசாப் பாக்கணும். பாதி சகுனத்துல எழுந்து போவக் கூடாது. சேந்திருந்தா நல்ல சகுனம். சேரலன்னா தட்டை எடுத்துக்கினு கௌம்பட்டும்."

இப்படியாக என் கலியாணம் நீலாவின் கலியாணத்தில் போய் மாட்டிக்கொண்டது.

யார் படிப்பது? சொல்தா மாமாவுக்குப் பிரெஞ்சு தெரியும், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். நான் கை நீட்டினேன். "நீ படிக்காத, உன் இஷ்டத்துக்குப் படிப்ப. வேதா, நீ வா. எங்க வூட்டுப் பொண்ணு வாயில பொய் வராது," என்று தடுத்தார் சொல்தா மாமா.

வேதவல்லி வந்தாள். மஞ்சள் மடித்திருந்த தாளைப் படித்தாள். போவதற்கு முன் தன் கையால் பாஸ்கருக்கு ஒரு வேளை சமைத்துப் போட வேண்டும் என்கிறாள் நீலா. பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அடுத்தது குங்குமத் தாளில் இருந்தது. ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்டித் தட்டிப் படித்தாள். சாப்பிட்டு முடிக்கிறான். நீலாவின் உருவம் மெல்ல மெல்ல மங்குகிறது. பாஸ்கர் அவள் கையைப் பிடிக்கப் போகிறான்...

தாள் முடிந்துவிட்டது.

"மங்கிடுச்சி இல்ல? அப்போ கௌம்பலாம்," என்றார் சொல்தா மாமா. நைனா தட்டை எடுக்கக் குனிந்தார்.

அப்போது வேதவல்லி தானே குனிந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தாள். விபூதியைத் தட்டில் கொட்டினாள். தாளை நீவினாள். "மிச்சம் இதுல கீது மாமா," என்று முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். சபைப் பக்கம் தெரிந்தது மயில்மேல் முருகர். நைனா கையெடுத்துக் கும்பிட்டார். அவரைப் பார்த்து எல்லாரும் கும்பிட்டார்கள். ஒரு பக்கம் சாமி, மறுபக்கம் கதை என்பது பத்திரிகையில் சகஜம்தானே என்று நானும் கும்பிட்டேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். "பாஸ்கர் அவள் கையைப் பிடித்தான். குளிர்ந்த கையில் சூடு வந்தது. நீலாவின் கால் தரையில் பட்டது. அவளைக் கோயிலுக்கு அழைத்துப்போய்த் தாலி கட்டினான். மாமனாரும் மாமியாரும் அவளை ஒரு குறையும் சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு புத்தகம் படிக்கவும் விட்டார்கள். சுபம்."

"கால் பட்டுடுச்சி!" என்று அத்தை கையைத் தட்டினார். சொல்தா மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எழுதினவன் நல்ல மனுஷன்," என்றார். தாம்பூலம் மாற்றினோம். வண்டியில் திரும்பும்போது நைனா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "முருகன் தாள்ல வந்துச்சு பாத்தியா?" அதைத்தான் அவர் கடைசிவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கலியாணம் ஆகி முதல் வாரம் நான் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் தாள் எங்க?" வேதவல்லி பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினாள். முன்பக்கம் முருகர். திருப்பினேன். பின்பக்கம் முழுக்கப் பல்பொடி விளம்பரம்.

வெகுநேரம் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மூன்றாவது தாள் ஞாபகம் வந்தது. எல்லைப் பிள்ளையாருக்குக் கொளுத்தின கற்பூரம் வேறு எந்தத் தாளில் இருந்திருக்கும்? தீப்பற்றுவதற்கு நைனா அதையே சுருட்டிப் பிடித்திருந்தார்.

"ஏன் அப்படிப் படிச்ச?" என்றேன்.

"நீங்கதான சொன்னீங்க, பேய்னாலும் நல்ல பொண்ணுன்னு. சபை நடுவுல பேய்க்கே பரிஞ்சி பேசறவரு, என்னை இன்னா குறை சொல்லிடப் போறாருன்னு தோணுச்சி." தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டே, "புஸ்தகம் படிக்க வுடுவீங்கதான?" என்றாள்.

விட்டேன். சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு இருவருமே உட்கார ஆரம்பித்தோம். உண்மையான முடிவு என்ன என்று வில்லியனூர் வாடகைப் புத்தகக் கடை வரை தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை. பிள்ளையாருக்கு மட்டும்தான் தெரியும். பொய்யில் ஆரம்பித்த குடித்தனமாயிற்றே என்று சில நாள் கோயிலில் நின்று உறுத்திக்கொள்வேன். அப்புறம், அன்று சபையைப் பார்த்துக்கொண்டிருந்தது முருகர் முகம்தானே, அவருக்குச் சம்மதம் இல்லாமலா என்று சமாதானம் ஆவேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் மருமகளோ பேத்தியோ கோபத்தில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றால், யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "பேய்னாலும்..." மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிப்பார்கள்: "நல்ல பொண்ணு மாமா!"

படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். என் மச்சான் சொல்லும்போது நான் மயங்கி விழுந்ததாக வருகிறது. என் மகன் சொல்லும்போது மயில் தோகை விரிக்கிறது. அதெல்லாம் நடக்கவில்லை. நடந்தது நடந்தபடியே போகட்டும். முடிவை மாற்றிப் படிக்கிற பாத்தியதை எங்கள் குடும்பத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு.